யாருக்குச் சரீரம்?

எங்கள் பக்கத்தில் ‘டம்ப் மாடல்’ என்று ஒரு பேச்சு உண்டு. ஒரகடத்தில் ஒரு வண்டிக் கம்பெனி தன் வெண்டருக்கு ஒரு பிராக்கெட்டின் முப்பரிமாண வரைபடத்தை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வரைந்தது கேட்டியாவில். வெண்டரிடம் இருப்பது சாலிட்ஒர்க்ஸ். ஒன்றின் ஃபைலை இன்னொன்று முழுசாகப் படிக்காது. அதனால் நடுவில் ‘ஸ்டெப்’ என்ற பொது வடிவத்துக்கு மாற்றி அனுப்புவார்கள். ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண்ணில் 1994 முதல் இருக்கும் தரம் அது. வந்து இறங்கும் பிராக்கெட் பார்வைக்கு அச்சு அசல். அளவெடுக்கலாம், டை போடலாம், உலோகத்தில் வெட்டியும் எடுக்கலாம். ஆனால் அந்தத் துளை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, விளிம்பிலிருந்து அளந்து வைத்தார்களா, நடுக்கோட்டிலிருந்து வைத்தார்களா, எதை முதலில் வரைந்து எதை அப்புறம் வெட்டினார்கள் என்பதெல்லாம் வழியில் உதிர்ந்துபோயிருக்கும். தடிமனை அரை மில்லிமீட்டர் கூட்டச் சொல்லுங்கள். வெண்டரின் டிசைன் பையன் உதட்டைப் பிதுக்குவான். “டம்ப் மாடல் சார், மறுபடி முதல்லேருந்து வரையணும்.”

நான் வரைபடக்காரன் இல்லை, அதிர்வுக்காரன். சிங்கப்பெருமாள் கோயில் சாலையை ஒட்டிய ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்ட் எவ்வளவு அதிர்வை விழுங்கும், எவ்வளவை ஓட்டுநரின் முதுகுத்தண்டுக்கு அனுப்பும் என்று கணக்குப் போடுவது பிழைப்பு. அது போதாதென்று பகுதிநேர ஆராய்ச்சி மாணவன் வேறு. ரப்பரின் தணிப்பு வெப்பத்தோடும் அதிர்வெண்ணோடும் எப்படி மாறுகிறது என்பது என் தலைப்பு. ஸ்ரீபெரும்புதூரில் வீடு. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மடிக்கணினியைத் திறந்து அன்றைய டெரிவேஷனை எழுதிக்கொண்டே போவேன்.

எழுத ஒரு குறிப்புச் செயலி வைத்திருந்தேன். பெயர் வேண்டாம், அது மாதிரி நிறைய இருக்கின்றன. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு எல்லாவற்றையும் ஒரு பட்டையிலிருந்து தட்டித் தட்டி அடுக்கலாம். திரையில் பாடப்புத்தகம்போல நிற்கும். ஒரு கட்டத்தில் சந்தாவை நிறுத்திவிட்டு எல்லாக் குறிப்பையும் வெளியே எடுத்தேன். எழுத்து எழுத்தாக வந்தது. சமன்பாடு படமாக வந்தது. சில இடங்களில் படம்கூட இல்லை, வெறும் கட்டம். என் கணக்கு எனக்கே டம்ப் மாடலாக வந்து சேர்ந்தது.

என் ஆராய்ச்சி வழிகாட்டி கொஞ்சமும் வருத்தப்படவில்லை. கணக்கு எங்கேயும் போகாது, காகிதத்தை எடுத்து மறுபடி போடு, அதே விடைதான் வரும் என்றார். அவர் அறியாமலே பெரிய தத்துவக் கட்சி ஒன்றின் சார்பாகப் பேசிவிட்டார். கணித உண்மைக்கு உடம்பு வேண்டாம், எழுத்தும் மையும் திரையும் அதன்மேல் நாம் போர்த்தும் துணி, துணி கிழிந்தால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்களின் கட்சி. கிரேக்கத்தில் பிளாட்டோ அதன் தலைவர். நம் பக்கத்திலும் நாமரூபம் எல்லாம் ஏற்றிவைத்த தோற்றம் என்று சொல்லும் கட்சி பலமானது.

எனக்கு அது ஒட்டவில்லை. விடை வேண்டுமானால் மறுபடி வரும். நான் இழந்தது விடையை அல்ல, வழியை. இந்த இடத்தில் தணிப்பை மாறிலி என்று எடுத்தது ஏன், எடுக்கலாமா என்று ஓரத்தில் போட்ட கேள்விக்குறி, அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி தொடங்கியது எல்லாம் சேர்ந்ததுதான் குறிப்பு.

விடை மட்டும் மிஞ்சி வழி போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உலகம் அறிந்த சாட்சி இருக்கிறது. எங்கள் ஊர் ஆசாரியர் ராமானுஜரின் பெயரைத் தாங்கிய கணித ராமானுஜன். காகிதம் விலை அதிகம், அதனால் பலகையில் போட்டு முழங்கையால் அழித்து, தேறிய முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். 1920-ல் அவர் போனபின் மிஞ்சியது அந்த நோட்டுகள். 1957-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை உள்ளது உள்ளபடி படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கர் ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் தேடி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் எழுத வேண்டிவந்தது. 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த கடைசிக் காலத் தாள்களில் 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். அவற்றுக்கு இன்னும் ஐந்து தொகுதிகள். இத்தனைக்குப் பிறகும், இது சரி என்று காட்டிய வழி பெர்ன்டின் வழியே தவிர ராமானுஜன் போன வழி என்று அடித்துச் சொல்ல முடியாது. பலகையின் வரலாறு முழங்கையோடு போய்விட்டது. இதைவிடப் பெரிய டம்ப் மாடல் உலகில் இல்லை என்று நான் சொன்னால் சோதனைக்கூடத்தில் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கத்தில் ஸ்ரீபாஷ்யம் கரைகண்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் அவர்கள் ஆத்துப் பிள்ளை இல்லை. என் தாத்தா இந்த ஊர்த் தேர் வடம் பிடித்தவர், அவ்வளவுதான் உறவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய்த் திண்ணையில் உட்கார்ந்தால் பேசுவார். ஒருநாள் கேட்டேன்: “ஸ்வாமி, அடியேனுக்கு ஒரு சந்தேகம். ஒரு சமன்பாட்டுக்குச் சரீரம் உண்டா? அந்தச் சரீரம் போனா சமன்பாடு என்ன ஆகும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “கேள்வியே தப்பு. சமன்பாடு அசேதனம், உயிரில்லாத ஜடம். அசேதனத்துக்குச் சரீரம் ஏது? சரீரம்னா ஒரு சேதனனுக்குத்தான். நீங்க கேக்க வேண்டியது, அந்த ஃபைல் யாருக்குச் சரீரம்னு.”

பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய உரை ஸ்ரீபாஷ்யம். அதன் இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில் அவர் சரீரத்துக்கு இலக்கணம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பிரம்மத்துக்கு உலகம் எப்படி உடம்பாகும் என்ற வாதம் நடக்கும் இடம் அது. கை கால் இருப்பதுதான் உடம்பா, ஐம்பூதங்களால் ஆனதா, புலன்கள் குடியிருப்பதா, இன்ப துன்பம் அனுபவிக்கும் இடமா என்று மற்றவர்கள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறார். பிறகு அவருடையது வருகிறது: ஒரு சேதனன் எந்தப் பொருளைத் தன் காரியத்துக்காக முழுக்கத் தாங்கவும் ஆளவும் முடியுமோ, எந்தப் பொருள் அவனுக்காகவே இருப்பதைத் தன் இயல்பாகக் கொண்டிருக்கிறதோ, அது அவனுக்குச் சரீரம். தாங்கப்படுவது, ஆளப்படுவது, அவனுக்கே சேஷமாக இருப்பது என்று மூன்று. உருவத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எதனால் செய்தது என்றும் இல்லை. என் தொழிலில் தரநிர்ணயம் எழுதுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய இலக்கணம்.

இந்த மூன்றையும் என் குறிப்புச் செயலிமேல் வைத்துப் பார்த்தேன். தாங்கியது யார்? எங்கோ ஒரு கண்டத்தில் இருக்கும் சர்வர். ஆண்டது யார்? மாதச் சந்தாவும், கேட்காமலே வரும் அப்டேட்டும். யாருக்காக இருந்தது? இதில்தான் கொஞ்சம் தயங்கினேன். நான் எழுதியது எனக்காகத்தானே. ஆனால் அது எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவம் எனக்காக இல்லை. நான் விட்டுப் போகாமல் இருப்பதற்காக இருந்தது. மூன்றில் மூன்றும் போயிற்று. அது என் சரீரமாக இருந்ததே இல்லை. அடுத்தவர் உடம்புக்குள் புகுந்து கணக்குப் போட்டிருக்கிறேன்.

இது ஒரு செயலியின் குறை அல்ல. மைக்ரோசாஃப்ட் வேர்டில் ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’ என்று ஒன்று இருந்தது நினைவிருக்கும். 90-களிலும் அதற்குப் பின்னும் நம் கல்லூரிகளில் அடித்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அதன் கைங்கரியமாகத்தான் இருக்கும். 2017 நவம்பரில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. நிரல் 2000-ல் தொகுக்கப்பட்டு அப்படியே கிடந்தது. முதலில் வந்த திருத்தத்தை ஆராய்ந்தவர்கள், மூலநிரலைத் திருத்தித் தொகுத்ததுபோல் தெரியவில்லை, தொகுத்த பைனரியையே கத்தி வைத்துத் திருத்தியிருக்கிறார்கள் என்றார்கள். டம்ப் மாடலின்மேல் அறுவைச் சிகிச்சை! அப்புறம் ஓட்டைகள் இன்னும் தெரியவர, 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே அப்டேட்டில் கழற்றி எடுத்துவிட்டார்கள். பழைய சமன்பாடுகள் திரையில் தெரிந்தன. தொட்டுத் திருத்த முடியவில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பக்கங்களில் ஒரே மாதத்தில் நியமனம், அந்த ஆளும் உரிமை, கைமாறியது. பாதுகாப்புக்காகச் செய்தது சரிதான், நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஆண்டவன் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

தமிழில் அடித்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. என் அக்காவின் எம்.ஏ. கட்டுரை பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டும். ஆங்கில எழுத்தின் எண்ணுக்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியிருந்தார்கள், போர்வை போனால் அடியில் தமிழ் இல்லை. 2010-ல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தபின் புதிதாக எழுதுவது தப்பியது. பழையதை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

வெறும் எழுத்தாக எழுதிவைப்பதுதான் மாற்றுவழி என்று கணிதக்காரர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் ‘டெக்’ வந்த கதை பலருக்குத் தெரியும். 1977-ல் டொனால்ட் குனூத் தன் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்தார். பழைய ஈய எழுத்து போய்ப் புதிய ஒளியச்சு வந்திருந்தது, சமன்பாடுகள் பார்க்கச் சகிக்கவில்லை. தானே ஒரு மென்பொருள் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கப் பத்தாண்டு ஆயிற்று. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 80-களில் கட்டியது லாடெக். பின்னம் வேண்டுமானால் ஒரு பின்சாய்கோடு போட்டு ‘ஃபிராக்’ என்று எழுதி, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அடைப்புக்குள் போட வேண்டும். பார்க்க அசிங்கம். நோட்பேடில் திறக்கும், இன்றைக்கும் திறக்கும்.

குனூத் பக்தர். லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். பைபிளின் புத்தகங்களிலிருந்து மூன்றாம் அதிகாரத்தின் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். 1999-ல் எம்.ஐ.டி.யில் கணினிக்காரர்கள் கடவுளைப் பற்றிப் பேசாதது பற்றி ஆறு சொற்பொழிவு செய்தார். அதைவிட எனக்குப் பெரிய மதச்செயலாகப் படுவது 1990-ல் அவர் செய்த அறிவிப்பு. டெக் இனி வளராது, பெரிய பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன், வேறு மாற்றம் செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், ஆனால் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பையின் அடுத்த இலக்கம் ஒன்று சேரும். 2021-ல் வந்தது 3.141592653. தான் இறந்தபின் எண் நேரே பை என்றாகிவிடும், மிச்சமுள்ள பிழைகள் எல்லாம் அன்றிலிருந்து அதன் குணங்கள் என்றும் சொல்லிவைத்திருக்கிறார். படைத்தவன் ஆட்சியைத் தானாகவே சுருக்கிக்கொண்டான். அதனால்தான் 80-களின் டெக் ஃபைலை இன்று ஓட்டினால் வரி பிசகாமல் வருகிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது ரசித்தார். “சேஷித்வத்தை விட்டுக்கொடுத்தார்னு சொல்லாதேள், நியமனத்தை அடக்கிண்டார்னு சொல்லுங்கோ” என்று திருத்தினார். பிறகு அவரே கேட்டார், மூல ஃபைல் ஒன்று, அதை ஓட்டினால் வரும் பி.டி.எஃப். ஒன்று, இரண்டில் எது உங்களுக்குச் சரீரம் என்று. நான் விழித்தேன். உலகம் சூக்ஷ்மமாக இருக்கும் பிரளயத்திலும் பிரம்மத்துக்கு உடம்பு, ஸ்தூலமாக விரிந்தபின்னும் உடம்பு, காரண நிலைக்கும் காரிய நிலைக்கும் நடுவில் புதிதாக ஒரு வஸ்து முளைப்பதில்லை என்றார். மூலம் சூக்ஷ்மம், பி.டி.எஃப். ஸ்தூலம். ஆர்க்கைவ் அதைத்தான் செய்கிறது என்று பதிலுக்கு நான் சொன்னேன். 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய அந்தக் களஞ்சியம், டெக்கில் எழுதிய கட்டுரை என்றால் மூலத்தைக் கொடு என்கிறது. அதிலிருந்து செய்த பி.டி.எஃப்.பை மட்டும் நீட்டினால் வாங்காது. மூலம் கையில் இருந்ததால்தான் 2023 கடைசியில் புதிதாக வரும் கட்டுரைகளைக் கைபேசியில் படிக்க வாகாக வலைப்பக்கமாகவும் விரிக்க முடிந்தது. காரணம் இருந்தால் காரியத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிறப்பிக்கலாம். காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்பது பெர்ன்டுக்குத் தெரியும்.

ராமானுஜரைப் பற்றியும் திறந்த வடிவங்களைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசினால் எல்லோரும் திருக்கோட்டியூர்க் கோபுரத்துக்கு ஓடுவார்கள். மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்னாரே என்பார்கள். அழகான கதைதான், ஆனால் என் விஷயத்துக்கு அது உதவாது. எனக்கு உதவுவது காஷ்மீர்க் கதை.

பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் எழுதிய விருத்தி ஒன்று இருந்தது. அதைத் தேடி ராமானுஜர் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் வரை போனார் என்று குருபரம்பரை சொல்கிறது. சுவடி கிடைத்தது, வைத்துக்கொள்ள விடவில்லை. திரும்பி வரும் வழியிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ராமானுஜர் இடிந்து உட்கார, ஆழ்வான் சொன்னாராம்: தேவரீர் கண்வளர்ந்த இரவுகளில் அடியேன் வாசித்துவிட்டேன், எல்லாம் நெஞ்சில் இருக்கிறது. படிக்கலாம், நகல் எடுக்கக் கூடாது என்ற பூட்டை ஒரு காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊர்க்காரர் அப்படி உடைத்தார். அந்த விருத்தி இன்று முழுசாக எங்கும் இல்லை. அதன் வழியே போகிறேன் என்று தொடங்கும் ஸ்ரீபாஷ்யம் இருக்கிறது. சுவடி யாருடைய பெட்டியில் இருந்ததோ அவர்களிடம் அது அழிந்தது. யாருக்குச் சேஷமாக ஆயிற்றோ அவரிடம் பிழைத்தது.

கதையின் மிச்சம் இன்னும் அருமை. ஸ்ரீபாஷ்யத்தை ராமானுஜர் சொல்ல ஆழ்வான் எழுதுகிறார். என் வார்த்தை உனக்குச் சரியாகப் படாவிட்டால் எழுதாமல் நிறுத்து என்பது ஏற்பாடு. ஓரிடத்தில் ஜீவனுக்கு இலக்கணமாக அறிவுடைமையை மட்டும் சொல்லிக்கொண்டு போனபோது எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்குச் சேஷமாக இருப்பது அல்லவா அதன் முதல் இலக்கணம்? ஆசாரியருக்குக் கோபம் வந்தது, ஆழ்வானைத் தள்ளிவிட்டதாகவே சொல்கிறார்கள். பிறகு யோசித்துத் திருத்தினார். எழுத்தாணி நின்ற இடம், சரீர இலக்கணத்தின் மூன்றாவது காலாக வரும் அதே சேஷத்வம்.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி, “அது ஏ.கியூ.” என்றாள். அவளுக்கு வேலை சென்னையில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில். சென்னையிலும் புதுச்சேரியிலும் அப்படிப்பட்டவை நிறைய. உலகத்தின் இயற்பியலும் மருத்துவமும் இங்கே ஷிஃப்ட் போட்டு அச்சுக்கோக்கப்படுகிறது என்பது அதே ஊரில் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கே தெரியாது. ஏ.கியூ. என்பது ஆதர் கொயரி. ஆசிரியர் சமன்பாட்டைப் படமாக ஒட்டி அனுப்பியிருப்பார். அதைப் பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஆங்கில ‘வீ’யா, கிரேக்க ‘நியூ’வா என்று படத்தில் தெரியாது. என் துறையிலேயே முன்னது திசைவேகம், பின்னது பாய்சான் விகிதம். ஒன்றை இன்னொன்றாகப் போட்டால் பாலம் விழாது, ஆனால் படிப்பவன் விழுவான். அப்போது அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு ஓரத்தில் ஏ.கியூ. எண் போட்டுக் கேள்வி எழுதுவாள். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் எரிந்து விழுவார்கள்.

டெக்கும் நிற்கும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் ஓட்டத்தை நிறுத்தி ஒரு கேள்விக்குறியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதியவர்களுக்கு அதைக் கண்டால் பயம். வலைப்பக்கங்களிலும் குறிப்புச் செயலிகளிலும் ஓடும் கேடெக், புரியாத கட்டளையைச் சிவப்பில் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதே வேலையைச் செய்யும் மேத்ஜாக்ஸுக்குப் புரிவது எல்லாம் அதற்குப் புரியாது. அதனால் ஒரு செயலியில் நன்றாக நின்ற டெரிவேஷன் இன்னொன்றில் சிவப்புச் சிவப்பாக வரும். வெறும் எழுத்தாக இருப்பதாலேயே விடுதலை வந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு செயலி டாலர் குறிக்குள் சமன்பாட்டை வைக்கும், இன்னொன்று பின்சாய்கோடும் அடைப்பும் கேட்கும். எல்லா உடம்பும் வேறு உடம்புகளைச் சாப்பிட்டுத்தான் நிற்கிறது. ஆனால் டெக் நிற்பது இலக்கணத்துக்காக. ஆழ்வானும் என் மனைவியும் நின்றது பொருளுக்காக. இப்போது படத்தைக் காட்டினால் லாடெக்காக மாற்றிக் கொடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. வேகம் பிரமாதம். ‘வீ’யா ‘நியூ’வா என்று நின்று கேட்ட ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி, அவரே. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தானுகந்த திருமேனி, அவர் இருக்கும்போதே செய்வித்து அவரே மகிழ்ந்து தழுவியது. மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி, அவரைப் பிரிய மாட்டாத சீடர்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது. என் கையெழுத்துத் தாளைத் தானானதாகவும், டெக் மூலத்தைத் தானுகந்ததாகவும், படிக்கிறவர்கள் கேட்கும் பி.டி.எஃப்.பைத் தமருகந்ததாகவும் பொருத்திப் பார்க்க ஆசை வந்தது. பெரியவர் பாதியிலேயே கையைக் காட்டினார். “பொருத்தம் இருக்கட்டும். மூணுக்கும் திருவாராதனம் நடக்கறது. ஒண்ணு ஒசத்தி ஒண்ணு தாழ்த்தின்னு எங்கேயும் இல்லை. நீங்க பி.டி.எஃப்.பைப் பிணம்னு பேசிண்டிருக்கேள்.”

அது எனக்குத் தைத்தது. பி.டி.எஃப்.பும் தேவைதான். சோதனைக்கூடத்தில் சுவரில் ஒட்ட எனக்கே அது வேண்டும். இருந்தாலும் தமர் எப்போதும் பார்த்துக் கும்பிடுவதோடு நிற்பார்களா என்ற கேள்வி போகவில்லை.

நிற்கவில்லை. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன், திருவள்ளூர்ப் பக்கம், என் டெரிவேஷனைக் கேட்டான். வெறும் எழுத்து ஃபைலாக, லாடெக் மூலத்தையே கொடுத்தேன். படித்தான், ஒரு அத்தியாயம் சேர்த்தான், திருப்பி அனுப்பினான். என் ஸீட்டாவெல்லாம் க்ஸை ஆகியிருந்தது. தணிப்பு விகிதத்துக்கு நான் ஆயுசு முழுக்க ஸீட்டா போட்டு வந்தவன். அவன் படித்த புத்தகத்தில் க்ஸையாம். ஃபைல் முழுக்க ஒரே கட்டளையில் மாற்றிவிட்டான். எரிச்சல் வந்தது, மறைப்பானேன். என் கையை எடுத்து அவன் அசைத்ததுபோல் இருந்தது. சேஷத்வத்தைப் பற்றி இவ்வளவு பேசினவனுக்கு, தான் எழுதியது இன்னொருவனுக்காக, அவன் இஷ்டப்படி இருக்க வேண்டிவந்தபோது பொறுக்கவில்லை. படமாகக் கொடுத்திருந்தால் தொட்டிருக்க மாட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தச் செயலிக்காரர்களும் இதைத்தான் நினைத்திருப்பார்கள்.

கடைசியில் ஃபைலின் தலைப்பில் ஒரு மேக்ரோ எழுதினேன். தணிப்புக்கு ‘டேம்ப்’ என்று ஒரு சொந்தக் கட்டளை. அது ஸீட்டாவா க்ஸையா என்பது அந்த ஒரே வரியில் இருக்கும், அடுத்து வருகிறவன் தன் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளட்டும், உள்ளே ஒரு எழுத்தையும் தொட வேண்டாம். பெருமையாக மனைவியிடம் காட்டினேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “சொந்த மேக்ரோவா? ஜர்னலுக்கு அனுப்பறப்ப எடுத்துடுங்க” என்றாள். “நாங்க எக்ஸ்.எம்.எல். ஆக்கறப்ப மொதல்ல உடையறதே அதுதான்.”